ஞானசௌந்தரி டீச்சரின் ஏரிக்கரை முகாம்

சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஞானசௌந்தரி டிரில் டீச்சராக இருந்தார். கையைத் தூக்கு, இறக்கு, குனி, நிமிர் என்பதற்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி தேவையில்லை என்பது சபைப் பெரியவர்களின் ஏகமனதான முடிவு. அந்தப் பெரியவர்கள் குனிந்து நிமிர்ந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. டீச்சர் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிய வேண்டும், கூடாரம் அடிக்கத் தெரிய வேண்டும், ஈர விறகில் அடுப்பு மூட்டத் தெரிய வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சொன்னார். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இப்படித்தான் யோசனைகள் வரும் என்று பெருமூச்சு விட்டு, வேறு வழியின்றி அனுமதி கொடுத்தார்கள்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் கொக்கலேரி. புத்தூரிலிருந்து நகரி போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. ஒரு பக்கம் நீண்ட மண்கரை, கரைக்குக் கீழே நெல்வயல்களும் கொக்கலம் என்ற ஊரும். கரையின் மேட்டு முனையில் புளியந்தோப்பு. யுத்தம் முடிந்தபின் ஏலத்துக்கு வந்த ராணுவக் கூடாரங்களை டீச்சர் எப்படியோ வாங்கி வந்து தோப்பில் அடித்தார். ஓலை வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்று, சமையலுக்குத் தனிக் கூரை, ஓட்டை அடைத்த ஒரு படகு. எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் செய்தது கக்கூஸ் குழி வெட்டியதுதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே மண்வெட்டி பிடித்ததைப் பார்க்க ஊரே கரையில் கூடியது. பொழுதுபோக்கு அரிதான ஊர்.

"இன்னா டீச்சரம்மா, படிச்சவங்க மண்ணு வெட்டிக்கினு கீறீங்க?" என்று கேட்டாள் கங்கம்மா. கொக்கலத்துக்காரி, பெரிய குரல் உள்ளவள்.

"படிச்சவங்களும் துன்றாங்களே கங்கம்மா. துன்னா அடுத்த வேலை இருக்குதில்ல?"

கங்கம்மா சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன. அன்றிலிருந்து முகாமுக்குச் சமையல் அவள்தான்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பாவாடையோடு தண்ணீரில் இறங்கிக் கூச்சலிட்டார்கள், முடிச்சுப் போடக் கற்றார்கள், படகு வலித்தார்கள், மாலையில் தீ மூட்டி உட்கார்ந்து பாடினார்கள். குடும்பப் பெண்கள் நீந்தினால் மழை பெய்யாது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அந்த வருடம் ஏரி நிரம்பியது.

இதற்கிடையில் ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிறந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் கூடவே பிறந்தது. கொக்கலத்து மக்கள் வீட்டில் தமிழ் பேசினார்கள், சந்தையில் தெலுங்கில் பேரம் பேசினார்கள், மாட்டை இரண்டிலும் திட்டினார்கள். இது பெரிய மனிதர்களைக் கவலையில் ஆழ்த்தியது. தமிழர் பக்கத்துக்கு ஒரு சங்கம், தலைவர் வேதாச்சலம். தெலுங்கர் பக்கத்துக்கு ஒரு சங்கம், தலைவர் நரசிம்மலு நாயுடு. இருவரும் ஊரூராகப் போய், எங்கள் மண்ணுக்காக உயிரையும் கொடுப்போம் என்று பேசிவந்தார்கள். உயிரை யாரும் கேட்காததால் பேச்சு தடையில்லாமல் நடந்தது.

அந்த ஐப்பசி விடுமுறைக்குப் பிள்ளைகள் முகாமில் இருந்தபோது, எல்லையைப் பார்வையிட அதிகாரிகள் வரப்போவதாக வதந்தி கிளம்பியது. உடனே இரண்டு தலைவர்களுக்கும் ஒரே ஞானோதயம். ஏரிக்கரையில் தம் தொண்டர்களைக் கூட்டி முகாம் போட்டுவிட்டால் ஏரி தம்முடையது என்று ஆகிவிடும். இருவரும் ஒரே காலையில் டீச்சரிடம் வந்து நின்றார்கள்.

"இது தமிழ் ஏரிம்மா. எங்க ஆளுங்களுக்குக் கூடாரம் வேணும்" என்றார் வேதாச்சலம்.

"இதி மா செருவு அம்மா, மா செருவு!" என்று தெலுங்கில் ஏரிக்கு உரிமை கொண்டாடி நெஞ்சில் தட்டிக்கொண்டார் நாயுடு.

டீச்சர் இருவருக்கும் கூடாரம் கொடுத்தார். முகாம் விதி எல்லாருக்கும் ஒன்று என்று மட்டும் சொன்னார். தண்ணீர் தூக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், அவரவர் குழியை அவரவர் வெட்ட வேண்டும். பாத்திரம் கழுவி முடிக்காமல் மேடைப் பேச்சு கிடையாது.

உயிர் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் குழி வெட்டத் தயாராக இல்லை. முதல் நாள் முழுக்க அந்த வேலை தங்கள் சாதிக்கு ஆகாது என்று இரு தரப்பும் விளக்கினார்கள். ஒரு மொழி தமிழ், ஒரு மொழி தெலுங்கு, வாதம் மட்டும் அச்சு அசல் ஒன்று. கடைசியில் இரு சங்கத்தாரும் ஒற்றுமையாக டீச்சரின் பிள்ளைகள் வெட்டிய குழியைப் பயன்படுத்தப் போனார்கள். பிள்ளைகள் மண்வெட்டியோடு வாசலில் நின்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் இரண்டு புதிய குழிகள் தயாராயின.

மூன்றாம் நாள் விடியலில் மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. தளர்வாக அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டு சங்கக் கூடாரங்கள் இரண்டும் சாய்ந்தன. தலைவர்களும் தொண்டர்களும் ஓலைக் கொட்டகைக்குள் ஓடிவந்து முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தமிழ் நிலம், தெலுங்கு நிலம் என்று யாரும் கேட்கவில்லை, ஒழுகாத நிலம் எது என்றுதான் கேட்டார்கள்.

அப்போது கங்கம்மா கரை வழியாக அலறிக்கொண்டே ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா! மதகாண்ட கரை கசியுது! ஒடைஞ்சா எங்க ஊரே பூடும்!"

டீச்சர் போய்ப் பார்த்தார். மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளிச்சரிவில் செம்மண் தண்ணீர் விரல் கனத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது. பார்க்கும்போதே அது கை கனம் ஆனது. கீழே ஊர். திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"எல்லாரும் எழுந்திருங்க. சாக்கு எடுங்க, மண்ணு நிரப்புங்க."

"அந்தக் கரை யார் பொறுப்புன்னு இன்னும் தீர்மானம் ஆகலியேம்மா" என்றார் வேதாச்சலம். நாயுடுவும் தலையாட்டினார். எல்லைத் தகராறில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

"ஐயா, ஒடைஞ்சிட்டா ஏரியே இருக்காது. அப்புறம் எதை உங்களுதுன்னு சொல்லுவீங்க?"

இந்த வாதம் இருவருக்கும் புரிந்தது.

பிள்ளைகள் ஏற்கெனவே மண்வெட்டியோடு கிளம்பியிருந்தார்கள். பின்னால் தொண்டர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். அரிசிச் சாக்குகள் தீர்ந்ததும் டீச்சர் கூடாரத் துணியைக் கிழித்தார். அதுவும் தீர்ந்ததும் இரண்டு சங்கங்களின் பெரிய துணிப் பதாகைகளைக் கேட்டார். வேதாச்சலம் தயங்கினார், நாயுடு தடவிப் பார்த்தார். கங்கம்மா இரண்டையும் பிடுங்கி மண்ணைக் கொட்டி முடிச்சுப் போட்டாள். வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றினார்கள். டீச்சர் இடுப்பளவு நீரில் நின்று உட்சரிவில் மூட்டைகளை அழுத்தினார். கால் நழுவி ஒருமுறை முழுக்க மூழ்கி எழுந்தபோது, அவர் கையைப் பிடித்து இழுத்தவர் நாயுடு. நாயுடுவின் இடுப்பைப் பிடித்திருந்தவர் வேதாச்சலம். பொழுது சாயும்போது கசிவு நின்றது. கொக்கலம் பிழைத்தது.

நனைந்த மனிதர்களுக்குக் கங்கம்மா கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். யார் ஊற்றியது, எந்தச் சாதிப் பானை என்று விசாரிக்காமல் குடித்தார்கள். வேதாச்சலம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அந்த ஒரு பொழுது டீச்சருக்கு மனம் நிறைந்திருந்தது. இனி இவர்கள் கொஞ்சம் மாறுவார்கள் என்று கூட நினைத்தார். புத்திசாலிகளுக்கும் இப்படி நினைப்பு வருவதுண்டு.

அடுத்த வாரமே புத்தூரில் தமிழ்த் தொண்டர்கள் ஏரியைக் காத்த வீரத்துக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அதற்கடுத்த வாரம் தெலுங்குத் தொண்டர்கள் வேறொரு மேடையில் அதே ஏரியைத் தனியாகக் காத்தார்கள். இரண்டு மேடையிலும் பெண் பிள்ளைகள் இல்லை. பதாகைகளைத் தலைவர்களே முன்வந்து கொடுத்ததாக இரண்டு மேடையும் சொன்னது.

சில வருடங்கள் பேசிப் பேசி ஒருவழியாக எல்லை முடிவானது. கொக்கலத்தைப் பொறுத்தவரை கோடு ஏரித் தண்ணீருக்குள் விழுந்தது. கரையும் ஊரும் புளியந்தோப்பும் ஆந்திரத்துக்கு, எதிர்க்கரை மேடு சென்னை ராஜ்யத்துக்கு. அரசாங்கத்தார் முகாம் இருந்த புளியந்தோப்பை எடுத்துக்கொண்டு பூங்கா ஆக்கினார்கள். கொட்டகைக்கு ஓடு வேய்ந்து, நாயுடு பெயரைப் பலகையில் எழுதி, திறப்பு விழா வைத்தார்கள். வேதாச்சலம் தெலுங்கில் வாழ்த்திப் பேசினார், நன்றாகவே பேசினார். ஞானசௌந்தரி டீச்சருக்கும் அழைப்பு வந்தது: முன்னதாக வந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டுத் தரவேண்டும்.

அவர் போகவில்லை. அன்று பள்ளியின் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுததாகப் பிற்பாடு கங்கம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"தூ, அந்த நாக்காலிங்கோ!" என்றாள் கங்கம்மா. "எதிர்க்கரைல மேடு நல்லாத்தான் கீது டீச்சரம்மா. நெழலுதான் கம்மி. நட்டா வளருது."

அந்தக் கோடையில் டீச்சர் பிள்ளைகளோடு சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். கிழிந்த கூடாரங்களுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. இங்கே முகாம் போட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்க சைக்கிளில் அரசாங்க ஆள் ஒருவர் வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் டீச்சர் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, குழி எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினார்.