ஊசி தொண்ணூறில் நிற்க வேண்டும்

இத்தாலியில் என் வேலை, வண்டி ஓட்டிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்வது. என் முதலாளி வயதானவர். கட்டிலும் அடுப்பும் உள்ள பெரிய வேனில் மனைவியோடு ஊர் ஊராகப் போவார். அதை அங்கே காம்பெர் என்பார்கள். அவருக்குக் கண் மங்கல். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி தெரியாது. “குவாந்தோ?” என்பார். எவ்வளவு என்று அர்த்தம். “நோவந்தா” என்பேன். தொண்ணூறு. அவர் மனைவி கொப்பியில் எழுதுவார். டீசல் அடித்தால் அதையும் எழுதுவார்.

நான் முன்பு இலங்கையில், பாலாவியில் உப்பு லொறி ஓட்டியவன். எங்களுக்குச் சூடு என்றால் பயம். எஞ்சினில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும். லொறி வாங்கினால் முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றி எறிவோம். காம்பெர் ஒரு மலையில் கொஞ்சம் சூடானதும் நான் யாரிடமும் சொல்லாமல் அதையே செய்தேன். நல்லது செய்ததாக நினைப்பு. அடுத்த நாள் ஊசி அறுபதைத் தாண்டவில்லை. டீசலும் கூடப் போனது. கொப்பி காட்டிக்கொடுத்தது. ஏன் கழற்றினாய் என்று முதலாளி கேட்டார். “கால்தோ, கால்தோ” என்றேன், சூடு என்று. எனக்குத்தான் புழுக்கம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே பனி. பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஏசவில்லை. புது வால்வு வாங்கித் தந்து என் கையாலேயே பூட்டவைத்தார். குளிர்ந்த எஞ்சினும் தேயும் என்று விரலை உரசிக் காட்டினார்.

போன வருடம் லீவில் சிலாபத்துக்கு வந்தேன். சண்டை முடிந்த பிறகு ஆலங்குடாக் கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் சறுக்க வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்களை ஏற்றித் திரிய என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி பீற்றர் பழைய வேன் ஒன்றுக்குள் கட்டில் அடித்து வைத்திருந்தான். “மச்சான், நீங்க ஓட்டுங்க. இனி அங்க போகவேணாம்” என்றான். மாதக் கடைசிக்குள் நான் திரும்பாவிட்டால் இத்தாலி விசா போய்விடும். ஆள் ஏற்றாமல் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஸ்டெல்லா பாத்திரங்களை வேனில் ஏற்றினாள்.

அவனும் வால்வைக் கழற்றித்தான் வைத்திருந்தான். புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஊசி தொண்ணூறுக்கு ஏறியது. பீற்றர் சீற்றை விட்டு எழும்பிவிட்டான்.

“நிப்பாட்டுங்க மச்சான்! எஞ்சின் போகப்போகுது!”

“அதுதான் சரியான சூடு.”

“எந்த ஊரில?”

“எல்லா ஊரிலயும்.”

“அக்கா, உங்கட மனுசன் என்ட வேனை அவிச்சுத் திங்கப்போறார்.”

“அவிஞ்சதும் சொல்லு, சம்பல் அரைக்கிறன்” என்றாள் ஸ்டெல்லா.

பாலாவிச் சந்தியில் டீசல் அடித்து, நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று எழுதினேன். பீற்றர் எட்டிப் பார்த்தான். “லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், அதைச் சொல்லுங்க” என்றான். எனக்கு உடனே மாற்றிச் சொல்ல வரவில்லை. ஊரில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்கிறார்கள். அங்கே எவ்வளவு எரிந்தது என்று கேட்கிறார்கள். வெளியே வந்தவர்களுக்கு இது விளங்கும்.

இரவு ஆலங்குடாவில் தங்கினோம். விடிந்ததும் நான் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தபோது பீற்றர் கையெல்லாம் எண்ணெயோடு நின்றான். வால்வைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டானாம். “இனிப் பயமில்லாமப் போகலாம் மச்சான்.” நல்லது செய்தவனின் முகம். எனக்கு ஏச வாய் வரவில்லை.

திரும்பும்போது அவன் பின்னால் கட்டிலில் நித்திரை. ஊசி கீழேயே கிடந்தது. ஏறாத ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் ஸ்டெல்லா இருந்தாள்.

“வந்து மூணு கிழமை. என்ட முகத்தை இவ்வளவு பார்க்கல்ல நீங்க.”

அப்போதும் என் கண் ஊசியில்தான் இருந்தது.

“போங்க” என்றாள். “நிண்டாலும் நீங்க இங்க இருக்கமாட்டீங்க.”

போனேன்.

இப்போது பீற்றர்தான் ஓட்டுகிறான். ஸ்டெல்லா சமைக்கக் கூடப் போகிறாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊசியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்புகிறான். நேற்று மலைப்பாதையில் காம்பெரை ஓரங்கட்டி ஒரு படத்தைத் திறந்தேன். ஓரத்தில் அவளுடைய முழங்கை இருந்தது. விரலால் பெரிதாக்கினேன். அதில் வெயில் பட்டிருந்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே நின்றேன்.