செங்குத்தோடு முப்பது டிகிரி

பி.யூ.சி. தேறியது என் தப்பு. பௌதிகத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தது அதைவிடப் பெரிய தப்பு. மதுரையில் பி.எஸ்ஸி. சேர இடம் கிடைத்த வாரத்திலேயே, "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்புப் போதும்" என்று அப்பா மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிட்டார். நத்தம் புளியை வாங்கித் திண்டுக்கல்லில் விற்கிற வியாபாரி அவர். எந்தச் சரக்கையும் விலை இறங்குவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்பார்.

ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, ஒரு காலேஜில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். உனக்கென்றே அமைந்த இடம் என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இடம் முடிந்தால் என் பௌதிகம் அவருக்கு டிபன் கட்டிக்கொடுப்பதோடு முடிந்தது.

மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இவர் பேனாவைத் திறந்தார். வடைத் தட்டின் அடியிலிருந்த பழைய பேப்பரை உருவி, அதன் ஓரத்தில் ஒரு பெட்டியையும் அதை இழுக்கும் சாய்ந்த கயிற்றையும் வரைந்தார். சாய்வான இழுப்பில் ஒரு பங்கு பெட்டியைத் தரையோடு நகர்த்தும், இன்னொரு பங்கு மேலே தூக்கும். அந்தப் பங்குகளைப் பிரிக்க வேண்டுமாம்.

"கயிறு செங்குத்துக் கோட்டோட முப்பது டிகிரிங்க. இழுக்கறது பத்துப் பவுண்டு. தரையோட போற பங்கு எவ்வளவுங்க?"

"அஞ்சு. சைன் முப்பது அரைதானே."

பரிதாபப்பட்டுச் சிரித்தார். "சைன் இல்லீங்க, காஸுங்க. தரையோட போறது எப்பவுமே காஸ்."

கோணத்தைத் தரையிலிருந்து அளந்தால்தான் காஸ். இவர் செங்குத்திலிருந்து அளந்துவிட்டு, புத்தகத்துப் படத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார். இவரிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கிசுகிசுத்தாள். "காஸுன்னே சொல்லிட்டுப் போயேன்த்தா. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

மூன்று வருஷப் படிப்பு குறைந்துபோகும். வேறொன்றுமில்லை.

"கயித்த நேரா மேல பிடிச்சா கோணம் சைபர்," என்றேன். "உங்க கணக்குப்படி இழுப்பு அம்புட்டும் பக்கவாட்டுல போகணும். அப்படின்னா கெணத்துல தண்ணி எறைச்சா வாளி மேல வராது, போயி சுவத்துலதான் முட்டும்."

காஸ் புரியாதவர்களுக்கும் வாளி புரிந்துவிட்டது. முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பாதான். மாப்பிள்ளை பேனாவை மூடினார். அவருடைய அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "பொண்ணு லட்சணமாத்தானுங்க இருக்குது. ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க."

சொல்லியும் அனுப்பினார்கள், பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று. எங்களுக்கு மட்டும் சொன்னால் போதாதென்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொன்னார்கள். நல்ல மனசு. அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்க ஒரு மாப்பிள்ளைக்கும் துணிச்சல் வரவில்லை. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அப்பா ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். "இனிமே ஒன்னய எவன் கட்டுவான்? போ, போயிப் படிச்சுத் தொல."

மதுரை பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிடும்போதும் திட்டிக்கொண்டேதான் ஏற்றினார். நான் தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பது தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே இறக்கியிருப்பார்.