பிளக் பாயிண்ட் தேடி வீடு மாறினோம்

மஹய்யாவயிலிருந்து கடுகண்ணாவைக்குப் படிப்பிக்கப் போய்வர எனக்கு ஸ்கூட்டி போதும். முழங்கால் வலியோடு அம்மா அதன் பின்னால் ஏறி உட்காரப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் கார் வாங்கத் துணிந்தேன்.

வாகனம் என்றால் எங்கள் குடும்பத்தில் அண்ணன் பேச்சுதான் முடிவு.

"ஹைபிரிட் எடு. பெட்ரோல் அடிச்சா ஓடும், பேட்டரி தானா சார்ஜ் ஆகிக்கும். எலக்ட்ரிக் எடுத்தா நடு ரோட்டுல நிப்ப," என்றார்.

"தட்டுப்பாடு வந்தப்ப பெட்ரோல் வரிசையில ரெண்டு நாள் நின்னேனே, அதுவும் நடு ரோட்டுலதான் அண்ணே."

அவர் முகம் சுருங்கியது. எனக்கு வருத்தமில்லை. அந்த வரிசையில் வெயிலிலும் மழையிலும் நின்றவள் நான். மறுபடி நிற்க மாட்டேன் என்று அன்றே நினைத்தாயிற்று.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டினேன். சாதாரண பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு கார் சார்ஜ் பண்ணக்கூடாது, மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும் என்றார். டவுனில் வேகமாக ஏற்றும் இடங்கள் இருந்தாலும் தினமும் அங்கே போய்க் காத்திருக்க எனக்கு நேரமில்லை. ராத்திரி வீட்டிலேயே மெதுவாக ஏறினால் போதும்.

வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியார் நல்ல மனிதர்தான். ஆனால் அசையவில்லை.

"ஏலா டீச்சர். நெருப்புப் பத்தினா ஆர் பொறுப்பு?"

செலவு என்னுடையது என்றேன், எலக்ட்ரீஷியனையே பேச வைத்தேன். முடியாது என்ற அதே "ஏலா"தான் பதில்.

"இப்பயாவது ஹைபிரிட் எடுக்கிறியா?" என்று அண்ணன் போனில் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. அன்று பின்னேரமே வீடு தேடத் தொடங்கினேன். போன இடமெல்லாம் முதலில் மெயின் போர்டைத்தான் காட்டச் சொன்னேன். காருக்காக வீடு மாறும் பொம்பிளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று புரோக்கர் சொன்னார்.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றேன்.

பிலிமத்தலாவையில் ஒரு வீடு அமைந்தது. "வயரிங் முடிச்சதும் எனக்குக் காட்டணும்," என்பது மட்டும்தான் அந்த வீட்டம்மாவின் நிபந்தனை. நான் எடுத்த எலக்ட்ரிக் கார் பழையது. புதிதில் ஓடிய தூரம் இப்போது ஓடாது. பேட்டரியை மெஷின் வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். என் ஒருநாள் ஓட்டத்துக்கு அது தாராளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மாவனல்லைக்குப் போய்த் திரும்பினேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் அண்ணன் கண்ணை டேஷ்போர்டிலிருந்து எடுக்கவில்லை.

"பாத்தியா, சார்ஜ் மளமளன்னு கொறையுது!"

"ஏத்தத்துல கொறையத்தான் செய்யும். போறப்ப எறக்கத்துல கூடுனத ஏன் சொல்லல?"

பின்சீட்டில் காலை நீட்டியிருந்த அம்மா, "ரெண்டு பேரும் சும்மா வாங்க," என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதும் அண்ணன் விடவில்லை. "என்ன சொன்னாலும் ஹைபிரிட்தான் புத்திசாலித்தனம்."

"அப்ப நீங்க எடுங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு சார்ஜர் வயரைக் காரில் செருகினேன்.