பன்றிக்குக் கட்டிய சேலை

போன கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், என் கணவர் நாலுவழிச் சாலையில் என் கண் முன்னாலேயே பைக்கோடு சறுக்கி விழுந்து, ஓரத்து இரும்புத் தடுப்பை நோக்கி இழுபட்டு வந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் மக்காச்சோளப் புஞ்சையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பிடிக்க முடியாது. கத்தினாலும் ஒரு பலனும் இல்லை. அன்று எங்கள் காளியம்மன் செய்ததை, அவளைக் கும்பிடுகிற உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்தத் தடுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரைத் தாண்டி, ஓடைப் பாலத்தை ஒட்டிச் சாலை வளைகிறது. அந்த வளைவில் இடுப்பு உயரத்துக்கு நீளமான இரும்புத் தகடு ஓடும். அதைத் தாங்க வரிசையாக இரும்புக் கால்கள் நட்டிருக்கிறார்கள். கார்க்காரர்களுக்கு அது பெரிய காவல். குடும்பத்தோடு வந்த ஒரு கார் அதில் உரசி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். தடுப்பு இல்லாவிட்டால் ஓடைக்குள் போயிருக்கும். ஆனால் பைக்கில் வருகிறவர் விழுந்தால் தரையோடு தரையாகச் சறுக்கித்தான் வருவார். தகட்டுக்குக் கீழே திறந்து கிடக்கிறது. நேரே அதற்குள் போய் ஏதாவது ஒரு காலில் மோதுவார். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். அவனை எந்த வண்டியும் இடிக்கவில்லை, அந்த இரும்புக் கால்தான் இடித்தது. அவன் கல்யாணத்துக்குக் கட்டிய தோரணம்கூட அப்போது வாடி முடியவில்லை.

இனி பன்றிக்கு வருகிறேன். ஓடைக்குள் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் குடும்பம் குட்டியோடு ஏறி வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு எல்லோரும் செய்வது ஒன்றுதான். பழைய சேலைகளை வாங்கிப் புஞ்சையைச் சுற்றிக் கட்டுவோம். காற்றில் படபடவென்று ஆடினால் பன்றி மிரளும். பருத்திச் சேலை இரண்டு மழைக்கு இற்றுவிடும், நைலக்ஸ்தான் நிற்கும். ஆனால் கரிசல் மண் மழையில் இளகினால் நட்ட கம்பெல்லாம் சாய்ந்துவிடும். சாலைப் பக்கம் மட்டும் எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. தடுப்பின் இரும்புக் கால்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. தகட்டுக்குக் கீழே, காலுக்குக் கால் சேலையை இழுத்து முறுக்கிக் கட்டினேன். பன்றி முட்டினாலும் தாங்கவேண்டும் என்று சில இடத்தில் இரட்டையாக மடித்துக் கட்டினேன்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கத்துச் சொத்தில் கை வைக்காதே என்று தினமும் ஓதுவார். அவர் சொன்னதுபோலவே ஒரு நாள் சாலைப் பராமரிப்பு ஜீப் வந்து நின்றது. மேற்பார்வையாளர் தன்மையாகத்தான் சொன்னார். தடுப்புக் கால்களில் ஒட்டியிருக்கும், இரவில் வண்டி வெளிச்சத்தில் மின்னும் ஒளிவில்லையைச் சேலை மறைக்கிறதாம். திங்கட்கிழமை வருவோம், அதற்குள் அவிழ்த்துவிட வேண்டும் என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அவிழ்க்கவில்லை. நேரே காளியம்மன் கோயிலுக்குப் போய் நின்றேன்.

"தாயே, கதிர் அறுக்கிற வரைக்கும் இந்த ஜீப்புக்காரவிய இந்தப் பக்கம் வராமப் பாத்துக்கோ. ஒரு கதிருகூட பன்னி வாய்க்குப் போகக் கூடாது."

நான் இப்படித்தான் கும்பிடுவேன். வேலைக்கு ஆள் விட்டதுபோலச் சாமியிடம் பேசுகிறாய் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தத் திங்கட்கிழமை அடைமழை. எங்கோ சாலை அரித்துவிட்டதென்று ஜீப் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் எங்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் கேட்டது நடந்துவிட்டதென்று சந்தோஷமாகத் திரிந்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை என் கணவர் கடம்பூருக்கு அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருகிற நேரம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு டிராக்டர் புஞ்சையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறிப் போனது. சக்கரத்தில் ஒட்டிய கரிசல் சகதி வளைவு முழுக்க அப்பிக் கிடந்தது. கரிசலைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நனைந்தால் நடக்கிறவனே வழுக்கி விழுவான்.

பைக் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கமாகச் சறுக்கினார். பைக் ஒரு இரும்புக் காலில் மோதியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. முன்சக்கரம் மடங்கி, ஹேண்டில் முறுக்கிக்கொண்டது. பக்கத்துக் காலை நோக்கி அவர் வந்தார். "தாயே" என்று மட்டும்தான் எனக்கு வந்தது. அவர் சேலையில் விழுந்தார். முதல் சேலை கிழிந்தது. அடுத்ததன் முடிச்சு தெறித்தது. அதற்கடுத்து இரட்டையாக மடித்துக் கட்டிய ஊதா நைலக்ஸ் சேலை அவரை அள்ளிக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டுக்கும் இரும்புக் காலுக்கும் நடுவில் என் கை நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

அவருக்கு நினைவு இல்லை. அவ்வழியே வந்தவர்கள் ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே அது போனது.

"ஏட்டி, காலு இருக்கா? ஒண்ணும் தெரியலையே" என்றார்.

முதுகெலும்பில் அடியா என்று பார்க்க வேண்டும், திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே அவரை ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு நான் வெளியே தரையில் உட்கார்ந்தேன். விழுந்தவருக்கு உயிரைக் கொடுத்துவிட்டு, நடக்க விடாமல் படுக்கையில் போடப் போகிறாளா அம்மன் என்று பயந்தேன். கோபமும் வந்தது. கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சண்டை போட்டேன்.

"நான் பன்னிக்காகக் கேட்டதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கிடுதேன். மக்காச்சோளக் காட்டையே தின்னுட்டுப் போகட்டும். அவிய காலை மட்டும் கொடுத்திரு."

பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு அப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.

முதுகெலும்பு முறியவில்லை என்றார்கள். அடி பட்டு வீங்கியிருக்கிறது, வீக்கம் வடிந்தால் உணர்வு திரும்பும் என்றார்கள். தோள் பக்கத்துக் காறை எலும்பு மட்டும் உடைந்திருந்தது. மறுநாள் காலையில் நான் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெருவிரல் மெல்ல அசைந்தது. நான் பார்த்ததை நானே நம்பவில்லை. இன்னொரு முறை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். அசைத்துவிட்டு அவர் கேட்டது இதுதான்.

"சேலை கிழிஞ்சிட்டாக்கும்? பன்னி வந்துருமேட்டி."

அழுதுகொண்டே சிரித்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் பயந்ததுபோலவே பன்றி வந்துவிட்டது. கிழிந்து கிடந்த இடத்தின் வழியாகப் புகுந்து, சாலைப் பக்கத்து மக்காச்சோளத்தை முக்கால்வாசி சாய்த்துப் போட்டிருந்தது. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்துச் சிரித்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்திருப்பார்கள். நான் சொன்ன சொல்லை அம்மன் அப்படியே எடுத்துக்கொண்டாள். இவ்வளவு மலிவாக யார் கொடுப்பார்கள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணவரின் அக்கா, எனக்கு மதினி, அவரைப் பார்க்க வந்தபோது அந்த ஊதா சேலை எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நான் பொங்கலுக்கு எடுத்துத் தந்த சேலைல்லா? பன்னிக்கா கெட்டுன?"

நிறம் பிடிக்கவில்லை என்று அதை நான் ஒரு நாளும் உடுத்தவில்லை. என் கணவர் கட்டிலில் இருந்தபடியே, "நீ குடுத்த சேலைதான்க்கா என்னைப் பிடிச்சுது" என்றார். மதினி அதைக் கொடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, அடுத்த பொங்கலுக்கும் ஊதாவே எடுத்துத் தருவேன் என்றாள். இனி நான் மறுக்க முடியுமா?

மழை வெறித்த பிறகு ஜீப் மறுபடி வந்தது. மேற்பார்வையாளரை நான் அந்த இடத்துக்கே கூட்டிப் போனேன். பைக் மோதிய காலையும், என் கணவர் சேலையில் சிக்கி நின்ற இடத்தையும் காட்டினேன். அவரும் தினமும் பைக்கில்தான் வேலைக்கு வருகிறவராம். ரொம்ப நேரம் குனிந்து தகட்டுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழேயும் ஒரு தகடு அடிக்கணும்னு எழுதிப் போடுதேன்மா. அதுவரைக்கும் ஒளிவில்லையை மறைக்காமக் கட்டிக்கோங்க" என்றார்.

இன்னும் தகடு வரவில்லை. அதுவரை சேலை நிற்கிறது. அறுவடை முடிந்ததும் எல்லோரும் அவிழ்த்துவிடுவார்கள். அந்த வளைவில் மட்டும் நாங்கள் அவிழ்ப்பதில்லை. கோயிலில் விளக்குப் பூசைக்கு வருகிற பெண்கள் ஆளுக்கொரு நைலக்ஸ் சேலை கொண்டுவருகிறார்கள், இரட்டையாக மடித்துக் கட்டுகிறோம். டிராக்டர் சாலைக்கு ஏறினால் ஓட்டுகிறவரே இறங்கி மண்வெட்டியால் சகதியை வழித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஊரில் பேசி வைத்திருக்கிறோம். சேலை எல்லோரையும் பிடித்துவிடும் என்று நினைத்து யாரும் வேகமாக வராதீர்கள். வளைவில் நிதானமாக வாருங்கள்.

நான் கதிருக்காகக் கேட்டேன். அவள் என் கணவருக்காக அந்தச் சேலையை அங்கே நிற்க வைத்தாள். என்ன கேட்பது என்றுகூடத் தெரியாதவளுக்கே இவ்வளவு செய்தாள். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். சண்டையாக இருந்தாலும் அவளிடமே போய்ப் போடுங்கள், கேட்பாள்.

இந்த வருடமும் கதிர் பால் பிடித்துவிட்டது, பன்றியும் வந்துவிட்டது. அதை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவர் தன் இரண்டு காலால் நடந்து போகிறார். எனக்கு அது போதும், தாயே.