லில்லி வண்டிக்குள் வைத்த குழாய்

என் மனைவி லில்லிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. இந்த இரண்டு பேரையும் ஆம்பூரில் இரண்டு அறை வீட்டுக்குள் இரண்டு வருடம் அடைத்து வைத்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள் அவள். முதலில் அடிப்பாகம் ஒட்டும் இடத்தில், பிறகு தோல் வெட்டும் பிரிவில். தோலை விரலால் தடவிப் பார்த்தே எந்த இடம் மெலிசு, எந்த இடம் பிய்யும் என்று சொல்லிவிடுவாள். திடீரென்று குடலில் கட்டி என்றார்கள். வேலூரில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் வயிற்றின் இடது பக்கம் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் இனிமேல் அந்தப் பையில்தான் வரும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது.

அந்தப் பைக்கு நேரம் காலம் கிடையாது. நிறைந்தால் உடனே காலி செய்து கழுவ வேண்டும். வழிந்துவிட்டால் சுற்றிலும் புண்ணாகிவிடும். தோல் பதனிடும் ஆலைகளின், எங்கள் ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்புகளின், கழிவு இறங்கிய போர் தண்ணீர் பட்டால் அந்த இடம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும், அதனால் கழுவுவதற்கும் கேன் தண்ணீர்தான். கோயில், கடை, கல்யாணம் எல்லாம் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருவாள். அதற்கும் முந்தின நாள் மதியத்திலிருந்து பட்டினி. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். பஸ் போன பிறகு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். "உக்காரேன் லில்லி, எனக்குத் தலை சுத்துது" என்று கத்துவேன்.

எங்களுக்கு ஒரே மகள் ஃபீபி. சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டும். தன் பையைக் கழுவவே தண்ணீர் தேடுகிற லில்லி, பிள்ளை பெற்றவளுக்கு எப்படி வெந்நீர் வைப்பாள்? மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை இவளே தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டாள். பேரன் ஜோவினுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அவனை இவள் பார்த்ததெல்லாம் போனில்தான். தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று ஃபீபி கேட்கும்போதெல்லாம், "இந்த வெயில்ல வேணாம், இந்த மழைல வேணாம்" என்று தட்டிக்கழித்தாள். மகள் தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மே மாதக் கடைசி ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று செய்தி வந்தது. லில்லி அன்று முழுவதும் நடந்தாள்.

அடுத்த நாள் நான் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் வேனிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். வண்டிக்குள்ளேயே தொட்டி, குழாய். கையைக் கழுவுகிறாள் அந்த அம்மா. லில்லி போனைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"இன்னாங்க, இத நம்ம வண்டில வைக்க முடியாதா?"

"நம்ம வேன் ஸ்கூல் பசங்கள ஏத்துற வண்டிம்மா. குடித்தனம் போறதுக்கா வாங்கினேன்?"

"ஸ்கூல் லீவு தானே?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பின் சீட்டைக் கழற்றினேன். இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற புதுக் கேன் ஒன்று வாங்கினேன். ஒடுகத்தூரில் என் தோஸ்த் சின்னசாமி நிலக்கடலைக்கு மருந்தடிக்கும் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்கிறான். அதில் வரும் சின்ன மோட்டார், பேட்டரியில் ஓடுவது, பிரிக்காத புதுசு ஒன்று அவனிடமிருந்து கிடைத்தது. கழிப்பறையில் மாட்டுகிற, கையில் பிடித்து அழுத்தும் குழாய் ஒன்று. அழுத்தினால் தண்ணீர், விட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும். ஒரு எவர்சில்வர் தொட்டி. அதன் அடியில் ஒரு ஓட்டை, வண்டித் தரையில் ஒரு ஓட்டை, முடிந்தது வேலை என்று துளைபோடும் மெஷினை எடுத்தேன்.

"நில்லுங்க. அழுக்குத் தண்ணி எங்க போவும்?" என்றாள்.

"ரோட்டுக்குத்தான்."

"தோல் ஷாப்காரன் ஆத்துல வுட்டா மட்டும் வாய் கிழியத் திட்டுறீங்க. நீங்க ரோட்ல வுடுவீங்களா? அதுவும் என்னோடத?"

எனக்குச் சுருக்கென்றது. வருகிற தண்ணீருக்கு மூன்று நாள் யோசித்தவன், போகிற தண்ணீரைப் பற்றி மூன்று நிமிடம் யோசிக்கவில்லை. அதே அளவில் இன்னொரு கேன் வாங்கித் தொட்டிக்குக் கீழே வைத்து, மூடியில் குழாயைச் செருகினேன். ஒன்று காலியாகக் காலியாக மற்றது நிறையும். தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். "லில்லி அக்கா வண்டியிலயே தனிக்குடித்தனம் போறாங்களாமே" என்று பக்கத்து வீட்டு முத்துமாரி சிரித்தாள். லில்லியும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகிவிட்டது!

மேல் கேனின் பக்கவாட்டில் துளை போட்டு ரப்பர் குழாயைப் பொருத்தும் வேலைதான் பாக்கி. அதை நான் செய்கிறேன் என்று லில்லி உட்கார்ந்துவிட்டாள். ஷூ ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை எடுத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள், ஒரு பூச்சு பூசிக் காயவிட்டாள், மறு பூச்சு பூசி அழுத்தினாள். ஆம்பூரில் செருப்பிலிருந்து கதவு வரைக்கும் எது பிய்ந்தாலும் சொல்யூஷன்தான். "இதால எத்தினி லட்சம் ஷூ ஒட்டியிருப்பேன், மழைல போட்டாலும் பிரியாது" என்றாள். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாதனூர் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். மாதனூருக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தது. பின்னால் 'டப்' என்று சத்தம். இருபத்தைந்து லிட்டரும் அவள் மடியில். தண்ணீரில் சொல்யூஷன் வாடை வேறு.

ஓரம் கட்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நனைந்த புடவையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேணாங்க. சீட்ட மறுபடி மாட்டிடுங்க. நான் போவக் கூடாதுன்னு கர்த்தருக்கே இஷ்டம் போல."

"கர்த்தர இதுல இழுக்காத. டியூப் கழண்டதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

"ஒட்டினது நான்தானே? இது கூடத் தெரியல எனக்கு. இருபத்திரண்டு வருஷம் இன்னா வேல பாத்தேன்?"

அழுதாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, கேனை ஓங்கி உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே பைப் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஹலீமா பீ. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல எல்லாரும் இதே பேஜார்தான் அண்ணா. இந்தக் கேன்ல எந்த கம்மும் ஒட்டாது. சூடு ஏறினா உரிஞ்சிடும். ஒட்டாதீங்க, இறுக்குங்க" என்று சொல்லி, மரை போட்ட ஒரு பிளாஸ்டிக் இணைப்பைக் கொடுத்தார். பாதி கேனுக்கு உள்ளே, பாதி வெளியே, இரண்டு பக்கமும் வாஷர் வைத்துத் திருகினால் போதும்.

திருகினேன். ஒழுகவில்லை என்று நினைத்தேன். கேனின் பக்கம் வளைவாக இருந்ததால் அந்த மெல்லிசு வாஷர் சரியாக உட்காரவில்லை. சொட்டு, சொட்டு என்று விழுந்துகொண்டே இருந்தது. லில்லி வீட்டுக்குள் படுத்திருந்தாள், இனிமேல் அந்த வண்டிப் பக்கமே வர மாட்டேன் என்று. ஆனால் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளால் படுத்திருக்க முடியுமா? அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எழுந்து வந்தாள். வாஷரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது மெலிசு. தடியா வேணும்."

பரணில் இருந்த பழைய அடிப்பாக ரப்பரை எடுத்து, கம்பெனிக் கத்தியால் வட்டமாக இரண்டு வெட்டினாள். கோணல் இல்லை, பிசிர் இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நான் திருகினேன். ஒரு மணி நேரம் இருவரும் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. அன்று சாயந்திரமே வண்டிக்குள் திரை தைத்தாள்.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டித்தான் தெரிந்தது, அவள் முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "பட்டினி கிடக்கிறதுக்கா மூணு வாரம் கேனோட மல்லுக்கட்டினேன்? எறங்கு" என்று தர்மபுரியில் நிறுத்தி, நான்கு இட்லி சாப்பிட வைத்தேன். சாப்பிட்டாள். நான்தான் சாப்பிட வைத்தேன், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக் கோயிலில் கடைசி வரிசையில், பக்கவாசல் ஓரமாக உட்கார்ந்தாள். குழந்தையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். போதகர் ஐயர் தலையில் தண்ணீர் ஊற்றியதும் ஜோவின் வீறிட்டான். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஃபீபி நேராக இவளிடம் வந்தாள்.

"தூக்கிக்கோம்மா."

"அப்புறம்... அப்புறம்மா. கை கழுவல."

"ஏழு மாசமா அப்புறம்தானா?" என்று குழந்தையை இவள் கையில் திணித்துவிட்டாள்.

லில்லி வாங்கிக்கொண்டாள். அவன் இவளுடைய மூக்கைப் பிடித்தான். இவள் சிரித்தாள். அவன் துள்ளினான், இடது பக்கம் ஓங்கி ஓர் உதை விட்டான். இவள் முகம் வெளுத்துப்போயிற்று. பை கழன்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், போட்டோ எடுக்கக் கூப்பிடுகிறார்கள், இளம்பச்சைப் புடவையில் ஈரம் பரவுகிறது.

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டிக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இட்லி, நான்கு இட்லி, எல்லாம் என்னால்தான். இனி இவள் வாழ்நாளில் வாசல் தாண்ட மாட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று ஓடிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் திரைக்குள் மோட்டார் முனகியது. தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"லில்லி, போயிடலாமா?"

பத்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. புதுப் பை ஒட்டி, மாற்றுப் புடவை கட்டி, தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"இன்னாத்துக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்க? ஆஃப் பண்ணுங்க" என்றாள். "எங்க கெளம்புறீங்க? நான் இன்னும் புள்ளைய சரியா தூக்கவே இல்ல."

நேராக ஃபீபியிடம் நடந்து போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுடி. இந்தப் பக்கமா வச்சிக்கிறேன்."

ஜோவினை வலது இடுப்பில் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நடுவில் போய் நின்றாள். என்னையும் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, காலியான கேனைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போனேன்.