முட்கிளையில் கட்டிய மஞ்சள் துணி

கங்காதர நெல்லூர் ஏரிக்கரையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பறவை பார்க்க நடப்போம். ஏழெட்டுப் பேர்தான். நான் சித்தூரில் தையல்காரி. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. பறவை பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது என்பதாலேயே அந்த நடை பிடித்துப்போனது. கையில் இருப்பது திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது வாங்கிய பழைய கேமரா.

எங்களை அழைத்துப் போவது ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கூட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது.

இந்தக் கோடையில் ஒரு காரைப் புதரில் கொண்டைக்குருவிக் கூடு இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். தள்ளி நின்று எடுத்ததில் எல்லோருடைய படத்திலும் ஒரு முட்கிளை குறுக்கே விழுந்தது. மற்றவர்கள் நகர்ந்ததும் நான் பின்தங்கினேன். என் பையில் எப்போதும் லைனிங் துணித் துண்டுகள் கிடக்கும். ஒரு மஞ்சள் துண்டை எடுத்து, கிளையை ஒதுக்கி இழுத்துக் கட்டினேன். தாய் வந்துவிட்டதென்று குஞ்சுகள் வாயைத் திறந்தன. மூன்று படம் எடுத்தேன்.

"இன்னாம்மா, அங்கியே நிக்கினு கீற? வா வா" என்று டீச்சர் கூப்பிட்டார். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

துணியை அவிழ்க்கவில்லை என்பது மத்தியானம் மிஷினில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மறுநாள் கல்யாணத்துக்கு ஐந்து ரவிக்கை முடிக்க வேண்டியிருந்தது. ஒரு கிளைதானே என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சூப்பர்க்கா!" என்று வந்து குவிந்தது. தைப்பதை விட்டுவிட்டுப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு படம் போட்டார். காலியான கூடு. கீழே எறும்பு மொய்த்த ஒரு குஞ்சு. கிளையில் மஞ்சள் துணி. 'மறைப்பு போனதும் காக்கா பார்த்துவிட்டது. யார் வேலை இது?'

'லென்ஸ் துடைக்கிற துணி மாதிரி இருக்கே' என்று ஒருவர் எழுதினார். பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. பலமனேரில் பேங்க் வேலை பார்க்கும் ஒருவர் எங்களோடு வருவார். நீளமான லென்ஸ், பையில் மஞ்சள் துணி தொங்கும். எப்போதும் எல்லோரையும்விட இரண்டடி முன்னால் நிற்பார்.

அடுத்த நடையில் அவரை விடவில்லை.

"இன்னா சார், இன்னிக்கு கத்திரிக்கோலும் கொண்டாந்தீங்களா?"

"அய்யோ பாபம், சாருக்கு குருவி போஸ் குடுக்கணும்பா!"

"நான் கட்டல" என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. எதிரே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

திரும்பும்போது அவர் என் பக்கமாக வந்தார். "என் படத்துல முள்ளு குறுக்க கீதுக்கா. உங்க படத்துல இல்ல" என்றார். பதிலுக்கு நிற்காமல் முன்னால் போய்விட்டார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

போன புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பலமனேர் பஸ் ஏறினேன். பேங்கில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். என் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்.

"அந்தத் துணி என்னுதுங்க சார்."

"தெரியும்கா. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று அடுத்த எண்ணை அழுத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றே குழுவில் எழுதினேன்: 'துணி கட்டியது நான். சார் இல்லை.' சித்தூர் வந்து சேர்வதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

நாளை இரண்டாவது சனிக்கிழமை. டீச்சர் வழக்கம்போல நேரம் போட்டிருக்கிறார்: ஆறு மணி, ஏரிக்கரை, எல்லோரும் வரவும். அந்த எல்லோரில் நானும் உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.