என் மகளின் முகத்தில் நான் செய்தவை

முதல் பரு நெற்றியில் வந்தபோது பெனிஷாவுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, நான் வலிய ஆளு ஆயாச்சு" என்றாள். நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் நெற்றி முழுக்கப் பரவிக் கன்னத்துக்கு இறங்கியது. அப்போது இருவருமே சிரிப்பதை நிறுத்தியிருந்தோம்.

கேரள எல்லையில், பனச்சமூடு பக்கத்தில் ஒரு தமிழ்வழித் தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் நானும் ஒரே மகளும்தான். பருவால் கஷ்டப்பட்டவள் அவள். அதை மோசமாக்கியவள் நான். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பரு எதனால் வருகிறது என்று நான் தெரிந்துகொண்டது மிகவும் தாமதமாக. வளரும் வயதில் ஹார்மோன்கள் (ரத்தத்தில் கலந்து உடலின் வளர்ச்சியை நடத்தும் சுரப்புநீர்கள்) மாறும்போது தோலுக்குள் எண்ணெய் அதிகம் சுரக்கும். மயிர்த்துளைகள் அடைபடும். உள்ளே கிருமிகள் பெருகி, சிவந்து வீங்கும். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சோப்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை முகம் கழுவ வைத்தேன். மீன் பொரிப்பதை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். வெறும் கஞ்சியும் பயறும் தின்று அவள் மெலிந்தாள். பரு மெலியவில்லை. ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "நேரத்துக்கு உறங்குகிய, நேரத்துக்குத் தின்னுகிய. பின்ன எப்பிடியாக்கும் இது வருது? மனசுல என்ன நெனப்பு உனக்கு?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். பதினைந்து வயதுப் பிள்ளை. நான் கேட்டதன் அர்த்தம் அவளுக்குப் புரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சபைக்குக் கிளம்பும் முன், அவளைச் சன்னல் பக்கம் உட்கார வைத்துப் பருக்களைப் பிதுக்கினேன். "அனங்காம இரி மக்கா, இப்பம் தீரும்" என்பேன். சீழும் ரத்தமும் வரும். வந்தால் எனக்கு ஒரு நிம்மதி. பவுடர் போட்டு அழைத்துப் போவேன்.

பிறகு அந்தக் கிரீம் வந்தது. முக்கில் இருந்த ஒரு மருந்துக்கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கினேன். மூன்றே வாரத்தில் முகம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. நிறமும் கூடியது. சபையில் பெண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் பெருமையோடு பெயரைச் சொன்னேன். அந்தக் கடையில் ஒருநாள் சீட்டு கேட்டபோது எல்லை ரோட்டைக் கடந்து அடுத்த மாநிலத்துக் கடையில் வாங்கினேன். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது.

அதில் இருந்தது ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் வேகமாக அடக்கும் மருந்து, முகத்தில் நாள்பட்டுப் பூசினால் தோலை மெலியச் செய்யும்). அவள் கன்னங்கள் நிரந்தரமாகச் சிவந்தன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. காதோரம் பூனைமயிர் வளர்ந்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் முகம் எரிகிறது என்று அழுதாள். இரண்டு நாள் பூசாவிட்டால் முகம் முழுக்க ஒரே அளவில் சிறு பருக்கள் பொங்கின.

பிளஸ் டூ படிக்கும்போது நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். கிரீமின் டியூபைப் பார்த்தார். பிறகு ஒரு விளக்கைப் பிடித்து அவள் கன்னத்தில் இருந்த குழிகளைப் பார்த்தார்.

"இதையெல்லாம் பிதுக்கியது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெனிஷா சொன்னாள். "நானாக்கும், டாக்டர்."

நான் திருத்தவில்லை.

"கிரீமை இன்றோடு நிறுத்த வேண்டும்" என்றார் டாக்டர். "நிறுத்தியதும் முகம் இதைவிட மோசமாகும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பயந்துபோய் மறுபடி பூசினால் எல்லாம் முதலிலிருந்து." மாத்திரையும், தோலின் ஈரம் காக்கும் வெள்ளைக் கிரீம் ஒரு டப்பாவும் கொடுத்தார்.

அவர் சொன்னதுபோலவே ஆனது. இரண்டாவது வாரம் முகம் வீங்கித் தோல் உரிந்தது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். அந்த மாதக் கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம். பாறசாலையில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அந்த முகத்தோடு அவளை எப்படிக் கூட்டிப் போவது என்று மட்டுமே யோசித்தேன்.

ரோட்டைக் கடந்து போய்ப் பழைய கிரீமை வாங்கினேன். பாதியை வெள்ளை டப்பாவில் பிழிந்து கலக்கி வைத்தேன்.

நான்கு நாளில் முகம் அடங்கியது. "அம்மா, கொறஞ்சுது பாருங்க" என்று ஓடி வந்து காட்டினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளாகவே என் அருகில் முகத்தைக் கொண்டு வந்தாள். கல்யாணத்தில் எல்லாப் படத்திலும் முன்னால் நின்றாள்.

அடுத்த முறை டாக்டர் பார்த்ததும் கேட்டார். "மறுபடி பூசினாயா?"

"இல்ல டாக்டர்."

"பொய் சொன்னால் நான் சிகிச்சை செய்ய முடியாது."

"சத்தியமாட்டு இல்ல, டாக்டர்."

அவர் நம்பவில்லை. தன் முகத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு மருந்து எழுதி என்ன பயன் என்று கடிந்துகொண்டார். அவள் தலை குனிந்து அழுதாள். நான் அருகில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் இருந்தாள். வெள்ளறடை தாண்டியதும், என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நீங்களாக்கும் கலக்கினது. இல்லியா?"



மறுநாள் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பிதுக்கியது யார் என்பது உட்பட. அவர் கோபப்படவில்லை. "இனி அவள் மட்டும் உள்ளே வரட்டும். மருந்து அவள் கையில்தான் கொடுப்பேன்" என்றார். அடுத்த தடவை பெனிஷாவை உள்ளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். நர்ஸ்தான் சொன்னார். நான் அதுவரை மகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

கிரீமின் கேடு தணிய ஐந்து மாதம் ஆனது. அதன் பிறகு ஐசோட்ரெட்டினாயின் தொடங்கினார்கள் (எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும் மாத்திரை, கர்ப்பத்தில் இருக்கும் கருவுக்குப் பெரும் தீங்கு செய்வதால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுவது). ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. மனம் எப்படி இருக்கிறது, சாகலாம் என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பாராம். நான் வெளியே இருந்ததால் அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "அது டாக்டருக்குத் தெரியும்" என்றாள்.

எட்டு மாதத்தில் பருக்கள் நின்றன. குழிகள் கன்னத்தில் தங்கிவிட்டன. லேசர் சிகிச்சையில் கொஞ்சம் சமமாகும், முழுவதும் போகாது என்றார்கள். அவள் வேண்டாம் என்றாள். இப்போது இருபத்தொரு வயது. மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு முடிக்கப் போகிறாள்.

இந்த வருடம் எனக்குத் தாடையில் பரு வந்தது. நாற்பத்தாறு வயதில். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஹார்மோன் மாறுவதால் சில பெண்களுக்கு வருவது என்றார் அதே டாக்டர். கையுறை போட்ட விரலால் லேசாகத் தொட்டார். தொட்டதுதான். வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வீட்டில் பெனிஷாதான் மருந்து பூசும் விதத்தைச் சொல்லித் தந்தாள். பட்டாணி அளவு போதும். ராத்திரி, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு. "மூணு மாசம் ஆவும். இடையில நிறுத்தாண்டாம்" என்றாள்.

"உனக்கும் இப்பிடித்தான் நொந்துதா மக்கா, அப்பம்?" என்று கேட்டேன்.

அவள் மருந்துக் குழாயின் மூடியைத் திருகி மூடினாள். "நான் சொன்னேனே அம்மா. எல்லாத் தடவையும் சொன்னேன்."

குரலில் கோபமில்லை. சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அவள் சொன்ன ஒரு தடவையையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரவில்லை.

இது நான்காவது வாரம். சேலைத் தலைப்பு உரசினாலும் தாடை வலிக்கிறது. கரும்பலகையில் எழுதும்போதும் அரிசி களையும்போதும் அது அங்கே இருப்பது தெரிகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாட்களை எண்ணுகிறேன். அவளுக்கு நான்கு வருடத்துக்கும் மேல்.